இதயத்தை ஆராய்ந்த அறிஞர்

தமிழில் நெஞ்சு என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு உண்டு. மார்பின் உள்ளே ஓயாது துடிக்கும் உறுப்பும் நெஞ்சு. நினைப்பதும் அன்பு செய்வதும் அஞ்சுவதும் ஆகிய மனமும் நெஞ்சு. உறுப்பினை மட்டும் தனித்துச் சுட்ட வேண்டியபோது நம் முன்னோர் நெஞ்சாங்குலை என்றனர். இந்நாளில் அதனை இதயம் என்கிறோம். மனமாகிய நெஞ்சைப் பற்றிப் புலவர்கள் பாடிய பாடல்கள் எண்ணிறந்தன. உறுப்பாகிய நெஞ்சின் இயல்போ நெடுங்காலம் மக்கள் அறிவுக்கு எட்டாதிருந்தது. அது துடிப்பதை அறிந்தனர். அது நின்றால் உயிர் நீங்கும் என்பதையும் அறிந்தனர். அது ஏன் தளர்கிறது, தளர்ந்ததனை மீட்பது எங்ஙனம் என்னும் வினாக்களுக்கு மட்டும் விடை காணவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வினாக்களுக்கு விடை காண உழைத்த அறிஞர் பலர். அவருள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் யூஜீன் பிரௌன்வால்ட் என்னும் அமெரிக்க மருத்துவர். அவர் செய்த ஆராய்ச்சி எத்தகையது, அதனால் நோயாளர் பெற்ற நன்மை யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

இதயத்தின் தொழில்

இதயம் ஏறத்தாழ ஒருவருடைய மூடிய கையளவு உள்ள ஒரு தசை உறுப்பு. அதனுள் அறைகள் நான்கு உள்ளன. வலப்பக்கத்து அறைகள் உடலைச் சுற்றி வந்த இரத்தத்தை ஏற்று நுரையீரலுக்கு அனுப்புகின்றன. நுரையீரலில் பிராணவாயுவைப் பெற்றுத் தூய்மையுற்ற இரத்தத்தை இடப்பக்கத்து அறைகள் ஏற்று உடல் முழுமைக்கும் செலுத்துகின்றன. இவ்வேலையில் பெரும்பங்கு இடக் கீழறையினுடையது. அதன் சுவர் தடித்த தசையால் ஆனது. அத்தசை சுருங்கும்போது இரத்தம் வெளியேறுகிறது. விரியும்போது இரத்தம் நிறைகிறது.

இவ்வாறு இதயம் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கின்றது. ஒரு நாளில் அது துடிக்கும் முறை 1,00,000 அளவாகும். நாம் ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அது செலுத்துகிறது. உழுபவன் மாலையில் ஏரை அவிழ்த்து விட்டு இளைப்பாறுவான். நெய்பவன் தறியை நிறுத்தி உறங்குவான். இதயமோ ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே உள்ள கணப்பொழுதை அன்றி வேறு ஓய்வு அறியாது.

ஓயாது உழைக்கும் இவ்வுறுப்புக்கு உணவு வேண்டும் அன்றோ? இதயத்தின் அறைகளில் எப்பொழுதும் இரத்தம் நிறைந்திருந்தாலும், அதன் தடித்த தசை அவ்விரத்தத்தினின்றும் தனக்கு வேண்டுவதை நேரே எடுத்துக்கொள்வதில்லை. ஏற்றம் இறைப்பவன் காலடியில் வாய்க்கால் நிறைய நீர் ஓடினும், அவன் தாகத்திற்குத் தனியே ஒரு செம்பில் நீர் கொண்டுவந்து கொடுப்பதைப் போல, இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுவரத் தனி நாளங்கள் உள்ளன. அவை பெருநாளத்தினின்றும் கிளைத்து இதயத்தின் மேற்புறத்தைச் சூழ்ந்து செல்கின்றன. இவற்றை இதயத் தமனிகள் என்பர்.

இத்தமனிகளின் உட்சுவரில் கொழுப்பு படிந்து தடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து, வழி அடைபடுமாயின், அவ்வழியே இரத்தம் பெற்றுவந்த தசை பட்டினியால் மடிகிறது. இதுவே மாரடைப்பு. வேறு சிலருக்கு இதயம் நிற்பதில்லை. ஆனால் உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தைச் செலுத்தும் ஆற்றலை இழந்துவிடுகிறது. இதுவே இதயத் தளர்ச்சி. மருத்துவர் இதனை இதயச் செயலிழப்பு என்றும் வழங்குவர். இந்நோயாளர்க்குச் சிறிது நடந்தாலும் மூச்சு வாங்கும், மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறும், கணுக்கால் வீங்கும், உடல் சோரும். மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி மடிந்தவர் பலர், சில திங்களோ சில ஆண்டுகளோ கழித்து இதயத் தளர்ச்சிக்கு ஆளாகின்றனர். ஆகவே இவ்விரு நோய்களும் ஒன்றோடொன்று தொடர்புடையன. பிரௌன்வால்டின் வாழ்நாள் ஆராய்ச்சியும் இவ்விரண்டையும் பற்றியதே.

இளமை

பிரௌன்வால்ட் 1929ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் ஆஸ்திரியா நாட்டு வியன்னா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவர் தந்தையார் துணி வணிகர். குடும்பம் வளமாகவே வாழ்ந்தது. 1938ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இட்லரின் படை ஆஸ்திரியாவினுள் புகுந்தது. யூதராய்ப் பிறந்தார் என்பதொன்றே குற்றமாக எண்ணற்ற குடும்பங்கள் வீட்டையும் பொருளையும் இழந்தன. எட்டு வயதுச் சிறுவரான பிரௌன்வால்ட் பெற்றோருடன் அவ்வாண்டிலேயே நாட்டை விட்டு வெளியேறி, இலண்டன் மாநகரை அடைந்து, அங்கிருந்து அமெரிக்காவின் நியூயார்க் நகருக்குச் சென்றார். மொழியும் புதிது, நாடும் புதிது. ஆயினும் கல்வியை அவர் கைவிடவில்லை.

அக்காலத்து அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் யூத மாணவர் இத்துணைப் பேரே சேரலாம் என ஒரு வரையறை வழங்கிவந்தது. அதனால் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தம் வகுப்பில் கடைசி இடமே அவருக்குக் கிடைத்தது என்பர். 1952இல் பட்டம் பெற்று வெளிவந்தபோது அவ்வகுப்பில் அவரே முதல்வர். கடைசியாக நுழைந்தவர் முதல்வராக வெளியேறினார்.

1955ஆம் ஆண்டில் அவர் வாஷிங்டன் அருகிலுள்ள பெதெஸ்டாவில் அமெரிக்க அரசினர் நடத்தும் தேசிய இதய நிலையத்தில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். இடையே பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பயிற்சி பெற்று மீண்டும் அந்நிலையத்திற்கே வந்தார். 1968 வரை அவர் ஆராய்ச்சிக்கு அதுவே நிலைக்களமாயிற்று.

கத்தியின் முன் மறைந்த தடை

1958இல் அந்நிலையத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி இதய மருத்துவ வரலாற்றில் இடம் பெற்றுள்ளது. இளைஞர் ஒருவர் அங்கே மருத்துவத்திற்கு வந்தார். அவருடைய இதயத்தினின்றும் இயல்புக்கு மாறான ஓர் ஓசை கேட்டது. நுண்ணிய குழாயை இதயத்தினுள் செலுத்தி அழுத்தத்தை அளந்தபோது, இடக் கீழறையின் உள்ளே அழுத்தம் மிகுதியாகவும், வெளியே செல்லும் பெருநாளத்தில் அழுத்தம் குறைவாகவும் காணப்பட்டன. வாய்க்காலின் மடையில் அடைப்பு இருந்தால் மேற்புறம் நீர் தேங்கி உயர்வதும் கீழ்ப்புறம் வற்றுவதும் போன்றது இது. ஆகவே வெளிவாயிலை அடுத்து ஏதோ ஒரு தடை இருத்தல் வேண்டும் என்று பிரௌன்வால்ட் கருதினார். அத்தடையை நீக்க அறுவை மருத்துவர் கிளென் மாரோ முற்பட்டார்.

மார்பைத் திறந்து, இதயத்தின் இயக்கத்தை நிறுத்தி, உள்ளே ஆராய்ந்தபோது தடை ஒன்றும் காணப்படவில்லை! வழி நன்கு திறந்திருந்தது. நோயை அறுதியிட்டுக் கூறியவர் உள்ளம் எத்துணை வருந்தியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் மார்பைப் பிளந்தாயிற்று. கூறிய காரணமோ பொய்த்தது. ஆயினும் அறுவை முடிந்து இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கியபோது பழைய அழுத்த வேற்றுமை முன்போலவே தோன்றியது. தடை இருந்ததும் உண்மை. கண்ணுக்குப் புலப்படாததும் உண்மை. இவ்விரு உண்மைகளும் எவ்வாறு பொருந்தும்?

சின்னாட்களுக்குப் பின் அதே போன்ற மற்றொரு நோயாளரும் வந்தார். அப்பொழுது புதிர் அவிழ்ந்தது. அவர்களுடைய இதயச் சுவர்த் தசை அளவுக்கு மீறித் தடித்திருந்தது. இதயம் சுருங்கும்போது அத்தடித்த தசையே குறுக்கிட்டு வழியை அடைத்தது. அறுவையின்போது இதயம் இயங்காது தளர்ந்திருந்தமையால் தசையும் தளர்ந்து வழி திறந்து நின்றது. எனவே கத்தியின் முன் தடை மறைந்தது. அத்தடை ஒரு பொருளன்று. அஃது ஒரு செயல் என்பது விளங்கிற்று.

இதே 1958இல் இலண்டன் மாநகரில் டொனால்டு டீர் என்னும் மருத்துவர், திடீரென்று இறந்துபோன இளைஞர் சிலரின் இதயங்களை ஆராய்ந்து, அவற்றின் சுவர் ஒருபுறம் தடித்திருந்ததைக் கண்டு எழுதியிருந்தார். இறந்தோர் உடலில் அவர் கண்டதும், வாழ்வோர் இதயத்தில் மாரோவும் பிரௌன்வால்டும் கண்டதும் ஒரே நோய் என்பது தெளிவாயிற்று. 1964இல் பிரௌன்வால்டும் துணைவரும் 64 நோயாளரைப் பற்றிய விரிவான ஆய்வினை வெளியிட்டனர். பொதுவாக இதயத் தளர்ச்சிக்குக் கொடுக்கப்படும் டிஜிட்டாலிஸ் மருந்து தசையை வலிந்து சுருங்கச் செய்வது. அம்மருந்து இந்நோயாளர்க்குத் தீங்கே செய்யும் என்பதும் இவ்வாராய்ச்சியால் வெளிப்பட்டது. நோயின் பெயரை அறிந்தால் மட்டும் போதாது, அதன் செயல்முறையையும் அறிதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? தடித்த தசையின் ஒரு பகுதியை அரிந்து நீக்கும் அறுவை முறையை மாரோ வகுத்தார். அவ்வறுவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்த மாரோவே பின்னாளில் அதே நோய்க்கு ஆளாகி 1982இல் மறைந்தார் என்பது நம் உள்ளத்தை உருக்கும் செய்தியாகும்.

அளந்து அறிதல்

கையால் நாடியைத் தொட்டும், செவியால் ஓசையைக் கேட்டும் நோயை உணர்வது பழைய முறை. அம்முறையின் சிறப்பு இன்றும் குறையவில்லை. ஆயினும் இதயம் எவ்வளவு தளர்ந்தது, மருந்தால் எவ்வளவு தேறியது என்று கூற வேண்டுமாயின் அளவு ஒன்று வேண்டும்.

ஏற்றத்தின் சாலில் நிறைந்த நீர் முழுவதும் வாய்க்காலில் கொட்டுவதில்லை. சிறிது சாலிலேயே தங்கிவிடும். இதயமும் அத்தகையதே. இடக் கீழறையில் நிறைந்த இரத்தம் முழுவதும் ஒரு துடிப்பில் வெளியேறுவதில்லை. நலமுள்ள இதயத்தில் நூற்றுக்கு 55 பங்கோ அதற்குச் சற்று மேலோ வெளியேறும். எஞ்சியது உள்ளேயே நிற்கும். தசை நலிந்த இதயத்தில் வெளியேறும் பங்கு 40, 30 எனக் குறைந்துகொண்டே செல்லும். இப்பங்கினை வாழ்வோர் இதயத்தில் அளந்தறியும் முறை ஒன்றை 1962ஆம் ஆண்டில் பிரௌன்வால்டும் அவருடன் உழைத்த ஒருவரும் வெளியிட்டனர். இரத்தத்தில் ஓர் அடையாளப் பொருளைக் கலந்து, ஒவ்வொரு துடிப்பிலும் அஃது எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடுவது அம்முறை. இக்காலத்தில் அவ்வளவையே ஒலியலைக் கருவியால் சில நிமிடங்களில் அறிந்துகொள்கின்றனர். கருவி மாறினும் அளவு மாறவில்லை. இதய நோயாளருடைய மருத்துவக் குறிப்பில் முதலில் நோக்கப்படும் எண்களுள் இஃது ஒன்றாகும்.

இதயம் எதற்காகப் பிராணவாயுவை மிகுதியாகச் செலவிடுகிறது என்பதும் அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று. சார்னாஃப் என்னும் அறிஞரின் தலைமையில் அவரும் பிறரும் 1958இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. மிகுந்த இரத்தத்தைக் குறைந்த அழுத்தத்தில் செலுத்துவது இதயத்திற்கு எளிது. குறைந்த இரத்தத்தையே மிகுந்த அழுத்தத்திற்கு எதிராகச் செலுத்துவது மிகவும் அரிது. சமநிலத்தில் நிறைகுடம் சுமந்து நடப்பவளைக் காட்டினும் மேட்டில் அரைக்குடம் சுமந்து ஏறுபவள் விரைவில் களைப்பது போன்றது இது. இரத்தக் கொதிப்பு ஏன் இதயத்திற்குக் கேடு என்பதற்கு இவ்வாய்வு ஒரு விளக்கமாக அமைந்தது.

மூன்றாவது ஆராய்ச்சி இன்னும் வியப்புடையது. அச்சமோ ஓட்டமோ நேரும்போது நம் நரம்புகள் நார் எபிநெஃப்ரின் என்னும் பொருளைச் சுரந்து இதயத்தை விரைவுபடுத்துகின்றன. 1960களின் தொடக்கத்தில் பிரௌன்வால்டும் சிட்சியும் இப்பொருளை அளந்தனர். இதயம் தளர்ந்தோரின் இரத்தத்தில், சிறிது உடலை வருத்திய அளவிலேயே அது மிகுந்து காணப்பட்டது. அவர்களுடைய இதயத் தசையிலோ அதன் சேமிப்பு வற்றியிருந்தது. களைத்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்திக் குத்தி ஓட்டுவதுபோல, தளர்ந்த இதயத்தை உடல் மேலும் மேலும் முடுக்கிக்கொண்டிருந்தது என்பது இதனால் அறியக் கிடந்தது. அம்முடுக்கத்தைத் தணிக்கும் மருந்தினைத் தளர்ந்த இதயத்திற்குக் கொடுப்பது கேடு என்றே அக்காலத்து மருத்துவர் பலரும் எண்ணினர். 1975இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் சிலர் அஞ்சாது சிறிய அளவில் கொடுத்துப் பார்த்து நலம் கண்டனர். 1999இல் வெளிவந்த பெரிய ஆய்வுகள் அம்மருந்துகள் உயிர் காக்கும் என்பதை உறுதி செய்தன. ஒரு விதை முளைத்து மரமாகிக் கனி தரப் பல்லாண்டு ஆவதுபோல, ஓர் அளவையின் பயன் நோயாளரை அடைய ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஆயிற்று.

மடிவதன் முன் மீட்டல்

மாரடைப்பு உற்றவர் சில காலம் பிழைத்திருத்தலும் உண்டு என்பதை விளக்கி, அந்நோயை வாழ்வோரிடத்தே கண்டறியும் வழியைச் சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1912இல் எடுத்துரைத்தார். அதன் பின்னும் நெடுங்காலம் இந்நோய்க்கு மருத்துவம் என்பது படுக்கையில் கிடத்தி வலியைத் தணிப்பதே. அடைபட்ட தமனியைச் சார்ந்த தசை உடனே மடிந்துவிடுகிறது. மடிந்தபின் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பது பொதுவான எண்ணமாக இருந்தது.

1968இல் பிரௌன்வால்ட் கலிபோர்னியா மாநிலத்துச் சான் டியேகோவில் புதிதாகத் தோன்றிய பல்கலைக்கழக மருத்துவத் துறைக்குத் தலைவரானார். அங்கே அவரும் மரோக்கோ முதலிய துணைவரும் நாய்களின் இதயத் தமனியைக் கட்டி ஆராய்ந்தனர். தசை ஒருங்கே மடிவதில்லை, சிறிது சிறிதாகவே மடிகிறது என்பது தெரிந்தது. இதயத்தின் உழைப்பை மிகுவித்தால் மடியும் பரப்பு பெருகிற்று; உழைப்பைத் தணித்தால் அப்பரப்பு சுருங்கிற்று. 1971இல் வெளிவந்த இவ்வாய்வு மருத்துவ உலகின் நோக்கையே மாற்றியது. கூரையில் தீப்பற்றியது என்றால் வீடு முழுவதும் எரிந்துபோயிற்று என்று கைகட்டி நிற்பார் இலர். எரியாத பகுதியைக் காக்க நீர்க்குடத்துடன் விரைவர். மாரடைப்பிலும் காலத்தோடு விரைந்தால் காக்கத்தக்க தசை உண்டு என்பதே இவ்வாராய்ச்சியின் சாரம்.

காப்பதற்குச் சிறந்த வழி அடைப்பையே கரைப்பதன்றோ? மாரடைப்பின் முதற்சில மணி நேரத்தில் பெரும்பாலோர்க்குத் தமனி முற்றும் அடைபட்டிருத்தலை 1980இல் அமெரிக்க மருத்துவர் தெவுட் படமெடுத்துக் காட்டினார். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்துகளும் கிடைத்தன. எம்மருந்து சிறந்தது, எவர்க்கு எவ்வளவு கொடுப்பது என்பவற்றை முறையாக ஆராய 1984இல் டிமி என்னும் பெயரால் ஓர் ஆராய்ச்சிக் குழு அமைந்தது. பிரௌன்வால்ட் அதன் தலைவரானார். அவர் 1972 முதல் பாஸ்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தார். நுண்கிருமியினின்றும் பெறும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் மருந்தைக் காட்டினும், உயிரணுக்களின் மரபுப் பொருளை மாற்றியமைத்து உண்டாக்கிய புதுமருந்து ஏறத்தாழ இருமடங்கு தமனிகளைத் திறந்தது என்று அக்குழுவின் முதல் ஆய்வு 1985இல் கூறியது. அடுத்த ஆண்டில் இத்தாலி நாட்டில் 11,000க்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்டு நிகழ்ந்த வேறோர் ஆய்வு, உறைவைக் கரைக்கும் மருத்துவம் சாவினைக் குறைக்கும் என்று மெய்ப்பித்தது. எவ்வளவு விரைவில் மருந்து கொடுக்கப்பட்டதோ அவ்வளவு மிகுதியாக உயிர்கள் பிழைத்தன. இப்பொழுது பல மருத்துவமனைகளில் மெல்லிய குழாயைச் செலுத்தித் தமனியை நேரே திறந்துவிடுகின்றனர். முறை எதுவாயினும் அடிப்படை ஒன்றே: நெஞ்சுவலி தோன்றியபின் கழியும் ஒவ்வொரு நாழிகையும் தசையின் இழப்பாகும்.

பாம்பின் நஞ்சும் நோயின் தணிவும்

மாரடைப்பினின்றும் பிழைத்தவர்க்குப் பின்னும் ஓர் இடர் உண்டு. மடிந்த தசை இருந்த இடம் தழும்பாகி மெலிகிறது. இடக் கீழறை திங்கள்தோறும் சிறிது சிறிதாக விரிந்து பெருக்கிறது. விரிந்த அறையின் ஆற்றல் குறைகிறது; முடிவில் இதயத் தளர்ச்சி வந்தடைகிறது. இவ்விரிவைத் தடுக்க இயலுமா என்று மார்க் ஃபெஃபர், ஜேனிஸ் ஃபெஃபர் என்னும் அறிஞரும் பிரௌன்வால்டும் ஆராய்ந்தனர்.

அவர்கள் எடுத்துக்கொண்ட மருந்து காப்டோபிரில். இதன் வரலாறு சுவையானது. பிரேசில் நாட்டுக் கொடிய விரியன் ஒன்றின் நஞ்சினை ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரெய்ரா என்னும் அறிஞர் 1965இல் அதனுள் புதிய பொருள்கள் இருத்தலைக் கண்டார். இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஒரு பொருள் நம் உடலில் உண்டாவதை அவை தடுத்தன. அவற்றை வழிகாட்டியாகக் கொண்டு வேதியியலார் 1970களில் ஆக்கிய மருந்தே காப்டோபிரில். குழாய்கள் நெகிழ்ந்தால் இதயத்தின் சுமை குறையும் அன்றோ?

முதலில் எலிகளிடத்தே சோதித்தபோது இதயம் விரிவது குறைந்தது. பின்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் மாரடைப்பினின்றும் பிழைத்த 2,231 பேர் ஆய்வுக்கு இசைந்தனர். அனைவர்க்கும் இரத்தம் வெளியேறும் பங்கு நூற்றுக்கு 40க்கு மேற்படாதிருந்தது. ஆயினும் தளர்ச்சியின் வெளிப்படையான அறிகுறிகள் அவர்களிடம் தோன்றவில்லை. அவர்களைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருந்தும், மற்றப் பிரிவினர்க்கு உருவில் ஒத்த வெறும் மாத்திரையும் கொடுத்தனர். எவர்க்கு எது என்பதை நோயாளரும் அறியார், மருத்துவரும் அறியார். மருந்து நலம் செய்யும் என்னும் விருப்பமே கண்ணை மறைத்துவிடக் கூடாது என்பதற்காக இம்முறை கையாளப்படுகிறது. நடுவு நிலைமை என்பது அறமன்றத்திற்கு மட்டும் உரியதன்று. ஆராய்ச்சிக்கும் அதுவே உயிர்.

ஏறத்தாழ மூன்றரை ஆண்டு கழிந்தபின் 1992இல் முடிவு வெளியாயிற்று. வெறும் மாத்திரை பெற்றவருள் நூற்றுக்கு 25 பேர் இறந்தனர். மருந்து பெற்றவருள் இறந்தவர் நூற்றுக்கு 20 பேர். வேற்றுமை ஐந்தே என்று எளிதாக எண்ணலாகாது. நூறு குடும்பங்களில் ஐந்து குடும்பங்கள் தந்தையையோ தாயையோ இழவாது பிழைத்தன என்பது இதன் பொருள். நோய் முற்றிய பின் ஓடுவதினும் வருமுன் காப்பதே மேல் என்னும் முதுமொழிக்கு இஃது எண்களால் எழுதிய உரை எனலாம்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை

புகழ் மிக்க இவ்வாராய்ச்சி வாழ்வில் ஓர் இருண்ட நிகழ்ச்சியும் உண்டு. 1981இல் பிரௌன்வால்டின் ஆய்வுக்கூடத்தில் பணி செய்த இளைஞர் ஒருவர், சில மணி நேரத்தில் எடுத்த பதிவுகளைப் பல நாட்களில் எடுத்தவை போல் நாளிட்டு வைத்ததை உடன் பணி செய்தோர் கண்டுபிடித்தனர். மேலும் ஆராய, அவர் எழுதிய கட்டுரைகள் பலவற்றில் பொய்த் தரவுகள் இருந்தமை புலனாயிற்று. அக்கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அரசினர் அவருக்கு ஆராய்ச்சிப் பொருளுதவியைப் பத்தாண்டு மறுத்தனர். பிழையை விரைந்து கண்டு வெளிப்படுத்தவில்லை என்னும் குறைமொழி ஆய்வுக்கூடத்தின் தலைவர்மேலும் எழுந்தது.

இதனை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. தேர்வில் பார்த்து எழுதும் மாணவன் தன்னையே ஏமாற்றுகிறான். மருத்துவ ஆராய்ச்சியில் பொய் எழுதுபவனோ தான் கண்டறியாத நோயாளர் ஆயிரவரை ஏமாற்றுகிறான். அவன் எழுதிய எண்ணை நம்பியே எங்கோ ஒரு மருத்துவர் மருந்து கொடுப்பார். அறுவைக் கூடத்தில் தம் கணிப்புப் பொய்த்தபோது அதனை மறையாது வெளிப்படுத்தி ஆராய்ந்தமையாலேயே ஒரு புதிய நோய் உலகுக்குத் தெரியவந்தது. மெய்யல்லாததை மெய் போல் எழுதியமையால் ஒருவர் தம் வாழ்வையே இழந்தார். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து நோக்கின் வாய்மையின் மதிப்பு விளங்கும்.

நூலும் குடும்பமும்

கற்றதனைப் பிறர்க்கு உரைப்பது ஆசிரியர் கடன். பிரௌன்வால்ட் 1980இல் இதய நோய்களைப் பற்றிய பேரேடு ஒன்றை வெளியிட்டார். பன்முறை திருத்தப் பெற்று வெளிவந்துள்ள அந்நூலும், அவர் ஆசிரியருள் ஒருவராக இருந்த ஹாரிசன் பொது மருத்துவ நூலும் உலகெங்கும் மருத்துவ மாணவர் கையில் தவழ்கின்றன. அவர் வாழ்க்கைத் துணைவியார் நீனா பிரௌன்வால்ட் தாமும் சிறந்த இதய அறுவை மருத்துவர். பெண்கள் அறுவைக் கூடத்தில் கத்தி எடுப்பதே அரிதாயிருந்த அக்காலத்தில், 1960ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தாமே வகுத்த செயற்கைத் தடுக்கிதழை ஒருவர் இதயத்தில் பொருத்தி வெற்றி கண்டார். 1992இல் அவர் மறைந்தார்.

நாம் கொள்ள வேண்டுவன

இன்று இதயத் தளர்ச்சிக்கு வேறு பல மருந்துகளும் வந்துள்ளன. சர்க்கரை நோய்க்கென ஆக்கப்பட்ட மருந்து ஒன்று, அந்நோய் இல்லாதவரின் தளர்ந்த இதயத்திற்கும் துணை செய்வது 2019இல் அறியப்பட்டது. ஆயினும் நோய் முற்றும் ஒழிந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. இரத்தக் கொதிப்பைக் கருதாதிருத்தல், புகைபிடித்தல், சர்க்கரை நோயைப் பேணாது விடுதல், உடலுழைப்பின்மை ஆகியவை இன்றும் இதயத்தைக் கெடுத்துவருகின்றன. இவற்றைத் தடுப்பதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. ஒவ்வொருவர் இல்லத்திலும் அதற்கு வழி உண்டு. நெஞ்சில் பாரமும் வலியும் தோன்றி, வியர்த்து, மூச்சு முட்டுமாயின், வாயுக்கோளாறு என்று வாளாவிராது உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். வீட்டில் உள்ள முதியோர்க்கு இதனை எடுத்துச் சொல்வது கற்ற பிள்ளைகளின் கடமை.

நாடிழந்து வந்த சிறுவர் ஒருவர் தமக்கு இடம் கொடுத்த நாட்டிற்கு மட்டுமன்றி, உலக மக்கள் அனைவர்க்கும் பயன்படும் அறிவினை ஈட்டினார். அவர் அளந்த அளவைகள் நம் ஊர் மருத்துவமனையிலும் வழங்குகின்றன. எந்நாட்டவர் ஆயினும் எம்மதத்தவர் ஆயினும், மார்பின் உள்ளே துடிக்கும் உறுப்பு ஒரே வகையாகவே துடிக்கின்றது. ஆதலின் அதனைக் காக்கும் அறிவும் எல்லார்க்கும் பொதுவாயிற்று. உறுப்பாகிய நெஞ்சை ஆராய்வதற்கு மனமாகிய நெஞ்சில் வாய்மையும் இரக்கமும் தளராத ஊக்கமும் வேண்டும். அவற்றை இளமையிலேயே வளர்த்துக்கொள்வோமாக.